பின்பாதி

அறுபதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் பி.யு.சி. படித்தேன். வேதியியல் புத்தகம் வாங்க எனக்கும் வழியில்லை, திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் செல்வராசுவுக்கும் வழியில்லை. இருவரும் சேர்ந்து ஒன்று வாங்கி, பைண்டரிடம் கொடுத்து இரண்டாகப் பிரித்துத் தைத்துக்கொண்டோம். திங்கட்கிழமைதோறும் பாதிகளை மாற்றிக்கொள்வோம்.

பரீட்சை நெருங்கும்போது அவன் வருவது நின்றுபோனது. பின்பாதியை அமுக்கிக்கொண்டு படிக்கிறான் என்று எரிச்சலோடு திண்டிவனம் போனேன். அவன் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

“அப்பா கால் ஒடிஞ்சி படுத்துக்கினு கீறாருடா. நான் இனிமே காலேஜுக்கு வரல,” என்றவன், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினான். “ரெண்டையும் நீயே வெச்சுக்கினு படி. பாஸ் மட்டும் பண்ணிடு.”

வருஷம் முழுக்க ஆசைப்பட்ட முழுப் புத்தகமும் இப்போது எனக்குத்தான். திரும்பும் ரயிலில் பின்பாதியைப் பிரித்தேன். படித்த வரிகளுக்கெல்லாம் பென்சிலில் கோடு போடுவது அவன் பழக்கம். ஒரு பாடத்தின் நடுவில் கோடு நின்றிருந்தது.

அந்த இடத்தைத் தாண்டி என்னால் கடைசிவரை படிக்க முடியவில்லை. பரீட்சையில் தேறவுமில்லை.

அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.