தொடைக்கு ஒரு சொல்

மலையூரில் மாவு மெஷின் ஓட்டுகிற அக்பேகோ கூச்சமில்லாமல் பேசுவான் என்று நம்பித்தான், ஊர்மொழிச் சொற்களைச் சேகரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செஃபாகோரிடம் அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவன் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் வீட்டு முற்றத்தில் அவனை உட்கார வைத்து செஃபாகோர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். மழை, கல், நாய் வரைக்கும் தடங்கலில்லை. வயிறு, மார்பு, தொடை என்று வந்ததும் நாக்கு இழுத்துக்கொண்டது. மாமியார் கஃபுயி பக்கத்திலேயே பனங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதுபட மருமகன் உடம்புச் சொற்களை ஊர்மொழியில் சொல்லக் கூடாது என்பது மலையூர் வழக்கம். எவே மொழியில் சொன்னால் குற்றமில்லை. அது கீழூர்ச் சந்தை மொழி, மேலே ஒட்டாது. எவேயிலேயே சொல்லித் தப்பித்தான்.

அடுத்த வறட்டுக் காற்றுக் காலத்தில் செஃபாகோர் திரும்பி வந்து, தேவாலயத்து மைதானத்தில் ஊரைக் கூட்டிப் பேசினாள்.

“உடம்புச் சொல்லை யாரும் லேசுல கடன் வாங்க மாட்டாங்க. உங்களோடது அச்சு அசல் எவே. அதனால மலைமொழிக் குடும்பத்துல உங்களச் சேர்க்க முடியல. எவேயோட கிளைன்னுதான் எழுதணும்.”

கீழூர் லாரிக்காரன் எலிக்கெம் கைதட்டினான். “தனி மொழின்னு என்னா குதி குதிச்சீங்க! எங்க சோத்தத்தான் வேற சட்டியில தின்னுருக்கீங்க!”

“எந்தப் பாவி இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தான்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அக்பேகோ அண்ணன்தான். ரொம்பப் பொறுமையா சொன்னாரு,” என்றாள் செஃபாகோர்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அக்பேகோ எழுந்தான்.

“அன்னிக்கு... அத்தை பக்கத்துல இருந்தாங்கம்மா.”

மலையூர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செஃபாகோருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. “சரிண்ணே, இப்பச் சொல்லுங்க. மாத்தி எழுதிடுறேன்.”

முன் வரிசையிலிருந்த கஃபுயி சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். “நான் செவிடு. மாப்பிள்ளையச் சொல்லச் சொல்லுங்க.”

வயிறு சொன்னான். மார்பு சொன்னான். காது மடல் எரிந்தது. தொடை என்றதும் எவே சொல்தான் வந்து நின்றது. விழுங்கிவிட்டுத் தேடினான். மறுபடியும் அதுவே. மீசை முளைத்த புதிதில் அந்த வீட்டுக்கு வந்தவன். அதன் பிறகு தொடைக்கான ஊர்ச் சொல்லை அவன் வாய் தொட்டதேயில்லை.

“என்ன மச்சான், கடன வாங்கிட்டு முதலத் தொலைச்சுட்டியா?” என்றான் எலிக்கெம். மலையூர்க்காரர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அப்போது, காதில் வைத்த விரலை எடுக்காமலே, சுவரைப் பார்த்தபடி, கஃபுயி அந்தச் சொல்லைச் சொன்னாள்.

செஃபாகோர் எழுதிக்கொண்டாள். அக்பேகோ நின்றபடியே தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.