வரலாமா என்று கேட்டவர்கள்

வெள்ளத்துக்குப் பிறகு விடுதியைத் திரும்பத் திறந்த காலத்தில், தொலைபேசியில் வந்த கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருந்தது. "நாங்கள் இப்போது வரலாமா? உங்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?" அறை என்ன விலை, காலைச் சாப்பாட்டில் முட்டை உண்டா, நாயைக் கூட்டிவரலாமா என்று கேட்ட காலம் போய்விட்டது. எல்லாரும் குரலைத் தணித்துக்கொண்டு இதையே கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர்கள் வரவேண்டியதுதானே, இதில் என்ன கேள்வி? "அது உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அநேகமாக அவர்கள் திரும்ப எடுப்பதில்லை.

விடுதி இருப்பது ஜெர்மனியில், பான் நகருக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் ஏறிநிற்கும் ஒரு பள்ளத்தாக்கில். நடுவில் ஆறு. ஆறு என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். கோடையில் சின்னப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பானுக்கு வந்து குடியேறிய எனக்கு, மொழி கொஞ்சம் பிடிபட்டதும் முதலில் கேட்ட இந்த விடுதியிலேயே வேலை கிடைத்தது. அறைகள் துப்புரவு, காலைச் சாப்பாடு, பிறகு மெல்ல மெல்ல வரவேற்பு மேசையும் என் பொறுப்பாகிவிட்டது. முதலாளியும் முதலாளியம்மாவும் கணவன் மனைவி. வேறு ஆள் இல்லை. முதலாளிக்கு என் சோற்றுப்பெட்டியில் ஒரு கண். மத்தியானம் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். கத்தரிக்காய்க் குழம்பு என்றால் பாதி அவருக்குப் போய்விடும். மிச்சப் பாதிக்கு நான் காவல் இருக்கவேண்டும்.

அந்த ஜூலை இரவில் செருப்பு நனையாத ஆறு முதல்மாடி யன்னல்வரை வந்தது. முதலாளி நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கியின் குழாயை மூட இறங்கினார். ஏறி வரவில்லை. நான் பானில் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் பாதை திறந்து போய்ச் சேர முடிந்தது. முதலாளியம்மா சேற்றுக்கு நடுவில் ஒரு சமையலறைக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து அழுதேன். அவர் அழவில்லை.

பிறகு நாடு முழுக்க இருந்து சனம் மண்வெட்டியோடு வந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் மாதக்கணக்கில் சேறு அள்ளினார்கள். அன்றைக்கு ஒருவரும் வரலாமா என்று கேட்கவில்லை. சுவர்கள் காய்ந்து, பூசி, தளம் போட்டு, கட்டில்கள் வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. திறந்தோம். ஆனால் சேறு அள்ள வந்த சனம் விடுமுறைக்கு வரக் கூச்சப்பட்டது. மனிதர் இறந்த இடத்தில் போய் எப்படி வைன் குடிப்பது என்று நினைத்தார்கள் போல. கோடை முழுக்க நான் விரித்த விரிப்புகளை நானே மடித்து வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, துடைப்புத் துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளியம்மா சொன்னார். "அக்டோபர் முடிவுவரை பார்க்கிறேன். திராட்சை அறுவடைக் காலத்திலும் இந்த வீட்டுக்கு ஆள் வராவிட்டால் விற்றுவிடுகிறேன். தரகர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். குடியிருப்புகளாக மாற்றுவாராம்." துண்டை நாலாக மடிக்கவேண்டியதை நான் எட்டாக மடித்துவிட்டேன். ஐம்பது தாண்டியவளுக்கு எங்காவது ஓர் அலுவலகத்தில் தரை துடைக்க வேலை கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. எனக்கு இந்த வீடு வேண்டும். இந்த மனுசியும் வேண்டும். அதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "சரி" என்றேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மியூனிக்கிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தது. கணினி வேலை செய்கிற, தமிழ்நாட்டுப் பிள்ளைகள். என் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண், "அக்கா, தமிழா?" என்றாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆற்றைப் பார்த்த நல்ல அறையைக் கொடுத்தேன். காலையில் பாணோடு சேர்த்து, முட்டைக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டுப் பொரித்துக் கொடுத்தேன். அறைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். சொந்தத் தங்கை வந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். கணவன் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று, "போயிட்டு வரோம்க்கா" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? எங்க மேல ஏதாவது கோபமா?"

"எனக்கோ? இதென்ன கதை பிள்ளை? நான் ஏன் கோவிக்கிறன்?"

"இல்லக்கா, வந்தப்போ 'வாங்க'ன்னு சொல்லல. இப்போ கிளம்புறோம், 'போயிட்டு வாங்க'ன்னும் சொல்லல. ரூம் சூப்பர், சாப்பாடு சூப்பர், அவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணீங்க. ஆனா..." அவள் கண் என் தலைக்கு மேலே போனது. வரவேற்பு மேசைக்கு நேர் மேலே முதலாளியின் படம் இருந்தது. வுப்பர்டால் தமிழ்க்கடையில் நான் வாங்கிய பிளாஸ்டிக் மல்லிகை மாலை அதில் தொங்கியது. கீழே நான் பூட்டிய சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் குரல் இறங்கியது. "சாவு வீட்டுலதானே அக்கா அப்படிச் சொல்லாம இருப்பாங்க. தெரியாம ரெண்டு நாளா சத்தமா சிரிச்சுட்டு இருந்தோமேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஐயா எப்போ தவறினாங்க?"

"மூண்டு வருசமாச்சு" என்றேன்.

"மூணு வருஷமா!" என்று சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

எங்களுக்குள் அது எழுதாத சட்டம். செத்தவீட்டுக்கு வருகிறவரை வாங்கோ என்று கூப்பிடுவதில்லை. புறப்படுகிறவரும் போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகச் சொன்ன மாதிரி. பேசாமல் வந்து, பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. யாரும் சொல்லித் தருவதில்லை, வளரும்போதே ஒட்டிக்கொள்ளும். அது என் நாக்கில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியவில்லை. அதுவும் ஜெர்மன் மொழியில்! முந்தி நான் வாசலில் நின்று, நல்வரவு என்று சொல்லிக் கை கொடுத்து, போகும்போது மீண்டும் வாருங்கள் என்று கார்வரை போய் அனுப்புகிறவள். இப்போது அறைத் திறப்பைக் கையில் கொடுப்பேன், தலையாட்டுவேன். அந்த ஜெர்மன்காரர்கள் வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுப் போனதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொலைபேசியில் வரலாமா என்று கேட்டவர்கள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதும் விளங்கியது. செத்தவீட்டுக்கு யாராவது கேட்டுக்கொண்டு வருவார்களா?

கார் திரும்பும்போது பின்னால் ஓடிப்போய், "போயிட்டு வாங்கோ!" என்று கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது. அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

பின்னேரம் சமையலறையில் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பிள் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் திரும்பத் திறந்த நாளிலிருந்து என் விருந்தாளிகளை நீங்கள் துரத்திக்கொண்டிருந்தீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் என் ஜெர்மன் நன்றாக ஓடும். "நான் வாசலில் சொல்லவில்லை, சரி. அடுத்த வருடத்துக்கு அறை கேட்டவர்களிடம் 'பார்ப்போம்' என்று சொன்னது யார்? நானா? இந்த வீட்டில் அடுத்த வருடம் என்ற சொல்லை நீங்கள் வாயால் எடுத்து எவ்வளவு காலம்?"

அப்பிள் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் கேட்டார், "உங்கள் ஊரில் இது எத்தனை நாள்?"

"முப்பத்தொரு நாள். அன்றைக்கு இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். சொந்தம், அயல் எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்போம். அதோடு வீடு பழையபடி வீடு. துக்கம் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வருகிறவரை வாங்கோ என்று சொல்லலாம்."

அவர் தோலை ஒதுக்கிக் குவித்தார். "துக்கக் காலம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றார். "எல்லாரும் என்னைத் தனியே இருக்க விட்டார்கள். மரியாதைக்காகத்தான். எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் வந்து சொல்லவில்லை."

வெள்ளத்துக்குப் பிறகு அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். நானும் சேர்ந்துகொண்டேன். நல்ல வேளை, விருந்தாளி ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் அவர்களையும் துரத்தியிருப்போம்.

முதலாளிக்கும் அப்படிப் படைத்துச் சாப்பாடு கொடுப்பது, அடுத்த ஞாயிறு என்று முடிவானது. அயலவர்களை அழைக்க முதலாளியம்மாவே வீடு வீடாகப் போனார். முன்வீட்டுத் திராட்சைத் தோட்டக்காரர், பேக்கரிக்காரி, சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் என்று தெருவில் மிஞ்சியிருந்த எல்லாரும் வந்தார்கள். அன்று விடுதியில் தங்கியிருந்த வயதான தம்பதி, "நாங்கள் வெளியே போய்விடுகிறோம், உங்கள் குடும்ப விடயம்" என்று மேற்சட்டையை எடுத்தார்கள். முதலாளியம்மா அதைப் பறித்துத் திரும்பக் கொளுவிவிட்டு, இரண்டு கதிரை இழுத்துப் போட்டார்.

நான் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம். அவர் உருளைக்கிழங்கு அடையும் அப்பிள் கூழும். படத்தைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, முன்னால் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, ஒரு கிளாஸ் சிவப்பு வைனும் வைத்தோம். அப்போது முதலாளியம்மா மாலையைக் கழற்றினார்.

"மன்னிக்கவேண்டும். இதை எப்போதோ சொல்லியிருக்கவேண்டும். பூ என்றால் அவருக்குத் தும்மல்."

"இது பிளாஸ்டிக்" என்றேன்.

"அதில் இருக்கும் தூசிக்கு இன்னும் தும்முவார்."

வீடே சிரித்தது. சாப்பிடச் சாப்பிட வாய் திறந்தது. தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: தன்னிடம் யாராவது வரலாமா என்று கேட்டால், இன்னும் கட்டட வேலை நடக்கிறது என்றுதான் பதில் சொல்வாராம். மலைச்சரிவில் தோட்டத்துக்கு நடுவே போகும் நடைபாதையை வெள்ளம் தொடவே இல்லை. அதைக்கூடச் சொன்னதில்லையாம். "பக்கத்து வீட்டில் துக்கம் இருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கடையைத் திறந்து வைன் விற்பது?" பேக்கரிக்காரியும் அதையே நினைத்து ஞாயிறுகளில் மூடி வைத்திருந்தாள். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. சைக்கிள்காரர் மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி, "சரி, இனி யார் முதலில் திறப்பது?" என்று கேட்டார். கத்தரிக்காய்க்கு அழுதாரா காரத்துக்கு அழுதாரா என்று சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை தோட்டக்காரர் தன் முற்றத்தில் எல்லாரும் இருக்க மர வாங்குகள் போட்டுப் புது வைன் ஊற்றினார். பேக்கரிக்காரி வெங்காயக் கேக் சுட்டாள். தோட்டக்காரர் தன்னிடம் வந்தவர்களைத் தங்குவதற்கு எங்களிடம் அனுப்பினார். எங்களிடம் வந்தவர்களை நாங்கள் சைக்கிள்காரரிடம் அனுப்பினோம். ஒரே நாளில் பாலும் தேனும் ஓடிவிடவில்லை. பாலம் இன்னும் தற்காலிகப் பாலம். மழை பெய்தால் இரண்டு வீட்டில் இன்றும் விளக்கை அணைக்காமல் படுக்கிறார்கள். வார நாட்களில் எங்களுக்கு இரண்டு அறை, மூன்று அறைதான். ஆனால் வெள்ளி, சனிகளில் திறப்புகள் விருந்தாளிகளின் கைக்குப் போய், சாவிப்பலகை வெறுமையாகத் தொடங்கியது.

தொலைபேசியில் நான் மாறிவிட்டேன். "வரலாமா?" என்று கேட்டால், "வாருங்கள். பஸ் சிலவேளை பிந்தும், வாசலில் கட்டட வேலை இயந்திரம் நிற்கும், ஆனால் படுக்கை சுத்தம், காலைச் சாப்பாடு என் பொறுப்பு. வாருங்கள்" என்பேன். ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், தான் இந்தத் தெருவில் சேறு அள்ளியவள், இப்போது உல்லாசமாக வர வெட்கமாக இருக்கிறது என்று. "நீங்கள் சேற்றைத்தான் பார்த்தீர்கள். வீட்டை இன்னும் பார்க்கவில்லையே" என்றேன். நாலு பேரோடு வந்தாள்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு. மறுநாள் தரகர் வருவதாக இருந்தது. முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கொலோனிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று விடைபெற்றது. தகப்பன் சொன்னார்: "அடுத்த மே மாதம் வர நினைக்கிறோம். இதே அறையை இப்போதே பிடித்துவைக்க முடியுமா?"

அது நான் சொல்லும் பதில் இல்லை. முதலாளியம்மா அவரைப் பார்த்தார், பிறகு ஈரமாகக் கிடந்த தெருவைப் பார்த்தார்.

"மே முதல் வாரம் வாருங்கள்" என்றார். "அப்போது தோட்டம் துளிர்த்திருக்கும். அறை உங்களுக்குத்தான்."

அவர்களோடு கார்வரை போய்க் கையசைத்துவிட்டுத் திரும்பி வந்தவர், என் பக்கத்தில் நின்று சொன்னார், "மே மாதம் உங்களுக்கு விடுமுறை தர முடியாது. பிறகு சண்டை பிடிக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்."

விடுமுறை இல்லை என்று கேட்டுச் சந்தோசத்தில் அழுத ஆள், இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.