ரெட்டைச் சடை போட்ட ஆட்டுக்குட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பதிப்பகத்தின் மாடி அறையில் நடந்தது இது.

எனக்கு நாமக்கல். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆபீசில் வேலை. ‘வண்டி எப்ப ரெடியாகும்?’ என்று கேட்கிற ஓனர்களுக்குப் பதில் சொல்லியே பகல் போய்விடும். இடையில் கிடைத்த நேரத்தில் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதினேன். வைக்கோல் லாரியில் தெரியாமல் ஏறிவிட்ட ஆட்டுக்குட்டி ஒன்று, ஊர் ஊராகப் போய்த் திரும்பி வருகிற கதை. அதைக் கூரியரில் அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். ஒரு நாள் போன் வந்தது. புத்தகமாகப் போடுகிறார்களாம், நேரில் வரச் சொன்னார்கள். வெல்டிங் சத்தத்தில் சரியாகக் காதில் விழாமல் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அன்று சாயந்திரத்துக்குள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளியே மைசூர்பாகு வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

பதிப்பாசிரியர் நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“அந்தப் பரிசல் வர்ற இடந்தான் எங்க எல்லாத்துக்கும் புடிச்சுப் போச்சுங்க. அட்டையிலயே பரிசலப் போட்டரலாம்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. என் கதையில் லாரி காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆட்டுக்குட்டி கீழே ஒரு பரிசலைப் பார்க்கும். ஒரே ஒரு வரி. அது இவ்வளவு பிடித்துவிட்டதா? பெரியவர்கள் எதையாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று தலையாட்டினேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“குட்டிய மட்டும் எடுத்தராதீங்க” என்றேன்.

“குட்டிதானுங்களே கதையே. ரெட்டைச் சடை போட்டு வரையச் சொல்லியிருக்கறோம்.”

ஆட்டுக்குட்டிக்கு ரெட்டைச் சடை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் அப்படித்தான் வரைவார்கள் போலிருக்கிறது, நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். “நல்லாருக்குமுங்க” என்றும் சொல்லிவைத்தேன்.

ஒப்பந்தத்தை நீட்டினார். இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது பக்கத்தில்தான் முகவரி இருந்தது. என் பெயர், என் இனிஷியல், ஆனால் ஊர் மேட்டூர்.

“நான் நாமக்கல்லுங்களே” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்துபோய் பீரோவிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வந்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல்; உள்ளிருந்த கதைகள் மட்டும் உறை மாறியிருந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அப்படின்னா வேண்டாம்னு எழுதுன லெட்டர் அவங்களுக்குல்ல போயிருக்கும்” என்றார்.

அந்த வாக்கியத்தின் மறுபாதி எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேண்டாம் என்று எழுதியது என் கதைக்கு.

அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். மேஜையில் கிடந்த அந்த இன்னொரு கதையை எடுத்துப் படித்தேன். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிற ஒரு பரிசலும், குட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சின்னப் பெண்ணும். மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. நன்றாக இருந்தது. ஓர் இடத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. பட்டறையில் என்ன சொல்வது என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. மைசூர்பாகு தின்ற அத்தனை முகமும் கண்முன் வந்து நின்றது.

அவர் திரும்பி வந்து, மேட்டூரில் இருக்கிற அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று கையைப் பிசைந்தார். ஏன் அப்படிச் செய்தேனோ, “நானே பேசறனுங்க” என்று நம்பரை வாங்கிவிட்டேன்.

போனை எடுத்ததும், “யாரு பேசறது?” என்றார் அந்த அம்மா. என் பெயரைச் சொன்னேன்.

“அது எம் பேருங்க.”

“எனக்கும் அதே பேருதானுங்க” என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அந்த ஆட்டுக்குட்டி உங்களுதுங்களா?”

எனக்கு வந்திருக்க வேண்டிய கடிதத்தில், ‘ஆட்டுக்குட்டி வழியில் எங்குமே பயப்படவில்லை, அதனால் கதை மனதில் நிற்கவில்லை’ என்று எழுதியிருந்தார்களாம். தன் கதையில் ஏது ஆட்டுக்குட்டி என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார். பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து பரிசலில் ஏற்றி, அதைப் பயப்படவும் வைத்துவிட்டாராம். நான் ரெட்டைச் சடையைப் பற்றிச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

“உங்க கதைய எனக்கு அனுப்பி வைங்க, படிச்சுப் பாக்கறேன்” என்றார் போனை வைக்கும்போது. அதுவரை என் கதையை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் பட்டறையில் உள்ளதைச் சொன்னேன். முதலாளி, “அடுத்த தடவ ஊரையும் சேத்து எழுதி அனுப்பு” என்று மட்டும் சொன்னார். மேட்டூர்க்காரரின் புத்தகம் போன வருடம் வந்துவிட்டது, ஆட்டுக்குட்டி இல்லாமல். என் கதையை அவர் மூன்று தடவை திருத்தச் சொன்னார், திருத்தினேன். இப்போது வேறொரு பதிப்பகத்தில் இருக்கிறது. இன்னும் பதில் இல்லை.

ஆள் மாறிப்போனது பதிப்பகத்தார் தவறு. ஆனால் அந்த அரை மணி நேரமும், ‘இது என் கதை இல்லை போலிருக்கிறது’ என்று என் வாயிலிருந்து ஏன் வரவில்லை, புத்தகம் வந்தால் போதும் என்று எதற்கெல்லாம் தலையாட்டியிருப்பேன் என்பது மட்டும் இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.