அத்தான் தேடிய வெள்ளைச் சட்டை

என் அக்கா வீட்டுக்காரர் சலவைக் கடை வைத்திருக்கிறார். இஸ்திரி என் வேலை. அத்தான் நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

துவைத்த துணிகள் நீளக் கம்பியில் சீட்டு எண் வரிசையில் தொங்கும். அத்தான் முதலிலிருந்து தேடமாட்டார். நேராக நடுவில் போய் நிற்பார். அங்கே இருக்கும் எண் கேட்ட எண்ணைவிடப் பெரியது என்றால் அதற்கு வலப்பக்கம் இருப்பதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். மிச்சத்தில் மறுபடி நடு. நாலைந்து தாவலில் துணி கைக்கு வந்துவிடும். அக்காவோ ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். "உங்க அக்கா தேடி எடுக்கறதுக்குள்ள துணி மறுபடி அழுக்காயிடும்" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கிண்டலடிப்பார். வெட்கங்கெட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் காலையில் ஓர் அம்மா சீட்டோடு வந்தார். "எங்க வீட்டுக்காரரோட வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சீக்கிரம் குடுங்க."

அத்தான் தாவினார். நடு, பாதி, அதில் பாதி. அந்த எண் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

"இல்லைங்க. அவரே வாங்கிட்டுப் போயிருப்பாரு."

"சீட்டு என்கிட்ட இருக்கே?"

"சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி வாங்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க. வீட்டுக்குப் போய் அவரையே கேளுங்கம்மா. நான் தேடினா தப்பாது."

அந்த அம்மா சீட்டை மேசைமேல் வைத்தார். "அவரு விடிகாலையில தவறிட்டாருங்க. அவருக்குப் போட்டுவிடத்தான் கேக்கறேன்."

கருகல் வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன்.

அக்கா கம்பியின் முனைக்குப் போய்த் தேட ஆரம்பித்தாள்.

"அதான் இல்லைன்னு சொல்றேனே" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். சட்டை வாசல் பக்கத்து மூலையில், சம்பந்தமில்லாத எண்களுக்கு நடுவே தொங்கியது.

அதைப் பார்த்ததும் அத்தானின் முகம் தொங்கிப்போனது. முந்தின நாள் கம்பியில் இடநெருக்கடி. கசங்கிவிடுமே என்று அவரேதான் அதை அங்கே மாட்டினார், அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று. வரிசை குலைந்தால் தன் வித்தை பலிக்காது என்பது அவருக்குத் தெரியாதா? அதை மறந்துவிட்டு, துக்கத்தோடு வந்த அந்த அம்மாவிடம் போய் வாயைக் காட்டினார். எனக்கே கூசியது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார். பாதிதான் வெளியே கேட்டது.

அந்த அம்மா சட்டையின் கழுத்துப்பட்டையைத் தடவிப் பார்த்தார். "பரவாயில்லைங்க. ஒரு சுருக்கம் இல்லாம வெச்சிருக்கீங்க."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அத்தான் தாங்கியிருப்பார். உள்ளே போய், தொங்கும் துணிகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.