ஆள் நிற்காத கோல்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. முட்டத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் கரையில் இருக்கிறார்கள். மூத்தவன் சேவியர் கடலுக்குப் போய்ப் புயலில் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவன் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கல்லறை இல்லாததால் அவனுடைய மீன்வலையை மைதானத்துக் கோல்கம்பத்தில் கட்டினேன். கிழிந்தால் நானே சரிசெய்வேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஜெனிஷ் வந்தான். "பாட்டி, இப்ப எவன் பந்து சவுட்டுகான்? எல்லாவனுக்கும் கிரிக்கெட்டுதான். கம்பத்தப் புடுங்கிட்டு பிட்ச் போடப் போறோம்."

"கெட்டினவ நான். நானே அவுக்கேன். எவனும் தொடாண்டாம்."

உச்சி வெயில். காற்றே இல்லை. வலைக்குப் பின்னால் நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஜெனிஷ் ஒரு பழைய பந்தை வைத்து, "ஏலே, கடைசியா ஒரு கோல் போடுகேன், பாருங்கலே!" என்று கூட்டாளிகளிடம் கத்திவிட்டு ஓங்கி உதைத்தான். பந்து நேரே என் முகத்தைப் பார்த்து வந்தது. கோல் கோட்டுக்கு முன்னால் இரண்டு உள்ளங்கை பட்டதுபோல ஒரு சத்தம். பந்து அந்தரத்தில் நின்று, கீழே விழுந்தது. வலை அசையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பந்தை எடுக்கவும் ஒருவனும் போகவில்லை.

"பாட்டி, அந்த முடிச்சத் திரும்பக் கெட்டிருங்க" என்றான் ஜெனிஷ்.

கட்டினேன். கம்பம் இன்றும் நிற்கிறது. இத்தனை வருடம் பிள்ளை கடலில் கிடக்கிறான் என்று நினைத்துத் தூக்கம் கெட்டவள் நான். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டுபவள் என் பேத்தி. மக்கா, பந்து நின்ன அந்த இடத்த இன்னொருக்கா வாசி. மெதுவா வாசி.