மணலில் இறுகாத வண்டி

போன வருடம் மாரி மழை ஓய்ந்து, திருகோணமலையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம் நடந்தது இது. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், வாரத்தில் இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பாலையூற்றில். விடிய அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கம் இருக்கும் நான் வேலை செய்யும் கந்தோருக்கு ஓடுவேன். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வந்து திரும்ப ஏற்றுவேன். பிறகு சமையல், உடுப்பு, மருந்து. இரவு படுக்கும்போது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத களைப்பு.

அவர் முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நல்லாய் இருந்த காலத்தில் வாங்கிய பழைய ஜப்பான் கார்தான் எங்களிடம் இருந்தது. முன் சில்லு, பின் சில்லு என்று நாலு சக்கரமும் இழுக்கிற வகை. ஒடுங்கிய மணல் ஒழுங்கைக்குள் வீடு என்பதால் அதுதான் வேண்டும் என்று தேடி எடுத்தார். சிறுநீரக வருத்தம் வந்தபிறகு ஓட்டுவது நான். அவர் பின் சீற்றில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வருவார். அவர் கதைப்பது குறைந்துவிட்டது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்தக் காருக்குத்தான் திடீரென்று ஏதோ வந்தது. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. சந்தியில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இறுகும். ரயர்கள் முனகும், வண்டி குலுங்கிக் குலுங்கி நகரும். பிரேக் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்து, கிண்ணியாக்காரர் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். தன்மையான மனிதர். பிரேக் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். குறையவில்லை. பிறகு முன் சில்லுப் பக்கம் எதையோ மாற்றினார். அதற்கும் குறையவில்லை. “எனக்கே விளங்கல்ல தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஓடிப் பாருங்க” என்றார்.

ஓடிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் என் கணவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்து சந்தியில் பெரிய வீதிக்குத் திரும்பும்போது, கார் வீதிக்குக் குறுக்கே அப்படியே இறுகி நின்றுவிட்டது. எஞ்சினும் நின்றது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கொண்டெயினர் லொறி வந்துகொண்டிருந்தது. அதன் ஹோர்ன் சத்தமும் பிரேக் சத்தமும் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். லொறியின் முன்பக்கம் பின் கதவுக்குக் கைநீட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவர் சாய்ந்திருந்த பக்கம்.

லொறிக்காரர் இறங்கி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். பின் சீற்றில் ஊசி குத்திய கையில் கட்டோடு இருந்தவரைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. வந்த வாகனங்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “ஸ்டியரிங்க நேராக்கிப் பின்னுக்கு எடுங்க அக்கா, அவசரமில்ல” என்றார். எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி அப்படியே செய்தேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு இலேசாகப் பின்னால் போனது.

வீட்டு வாசலில் நிறுத்தியும் நான் இறங்கவில்லை. பின்னாலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்.

“இனிப் போதுமப்பா. ஆஸ்பத்திரியை விடுவம். எனக்கும் ஏலாது, உமக்கும் ஏலாது.”

ஆஸ்பத்திரியை விடுவதென்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்படிச் சொல்லாதேங்கோ என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது வேறு ஏதோ: “இந்தக் காருக்கு என்ன வந்ததெண்டு எனக்கு விளங்கேல்ல. உங்களுக்கு ஏதும் விளங்குதோ?”

அவர் திரும்பி, நாங்கள் வந்த ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு, “இப்ப ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க இறுகேல்லயே” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் ஒழுங்கையின் திருப்பம் அந்தச் சந்தியை விட மோசமானது. அங்கே ஒரு நாளும் இறுகியதில்லை. எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. மழை பெய்த நாட்களில் இந்தக் கரைச்சல் இருக்கவே இல்லை. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலோரமாக வெட்டவெளியாய் இருந்த ஒரு வளவுக்குப் போனோம். ஒரு பாதி தார், மறு பாதி மணல். ஓரத்தில் படுத்திருந்த, ஊருக்குள் பழகித் திரிகிற மான்கள் எங்களைப் பார்த்துவிட்டு எழும்பாமலே கிடந்தன. அவர் முன் சீற்றில் என் பக்கத்தில் இருந்தார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, தாரில் மெல்ல வட்டம் சுற்றச் சொன்னார். இறுகியது. அதே வட்டத்தை மணலில் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது.

அவர் விளக்கிச் சொன்னார். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே வேகத்தில் சுழலாது. நடுவில் இருக்கிற இணைப்பு அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அது விட்டுக்கொடுக்காவிட்டால் சில்லுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மணலிலும் ஈரத்திலும் ரயர் வழுக்கித் தப்பிவிடும், காய்ந்த தாரில் தப்ப ஏலாது. பிறகு இறங்கி, ஒரு கயிற்றை முன் ரயரைச் சுற்றிப் பிடித்து அளவெடுக்கச் சொன்னார். பின் ரயரைச் சுற்றிப் பார்த்தால் அதே கயிறு இரண்டு விரல் மிஞ்சியது. மழைக்கு முன்னர் முன்பக்கத்துக்கு மட்டும் புது ரயர் போட்டிருந்தோம். பின்னால் தேய்ந்த பழசு, சுற்றளவு குறைந்ததால் அது கூடச் சுழலும். நேரே ஓடும்போதும் அந்த இணைப்பு ஓய்வில்லாமல் உழைத்து, சூடேறிச் சூடேறி இறுகிவிட்டது.

கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்தவருக்கு எழும்ப முடியவில்லை. மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் காரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

அடுத்த நாள் கராஜில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். கராஜ்காரர் கவனமாகக் கேட்டார், பின் சில்லுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றிவிட்டு வீதியில் ஒரு வட்டம் சுற்றி வந்தார். இறுக்கம் போய்விட்டது. “சரி, பிடிச்சிட்டம்” என்று என் கணவரின் தோளில் தட்டினார். இணைப்பைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. அதுவரை முன் சில்லு மட்டும் இழுக்க ஓடினோம். அது வந்து பூட்டும்போது நாலு ரயரையும் ஒரே அளவில் போட்டோம்.

அடுத்த சுத்திகரிப்பு நாள் வந்தபோது, போவமா என்று நான் கேட்கவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால், அவர் முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு இருந்தார். கார் முன்னால் மட்டும் இழுத்து எப்படிப் போகுதெண்டு பார்க்க வேணும் என்றார்.

அவருடைய வருத்தம் மாறவில்லை. என் களைப்பும் போகவில்லை. நேற்றும் கந்தோரில் மேசையிலேயே நித்திரையாகிவிட்டேன். ஆனால் அவர் இப்போது முன் சீற்றில்தான் வருகிறார். அவருக்கு நான் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் எப்போதும் தெரிந்ததுதான். எனக்கும் அவர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும், அதைச் சொல்லக்கூட நேரமில்லாமல் நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதும்தான் இன்றைக்கும் அந்தச் சந்தியில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் என் மனதில் வந்து நிற்கிறது.