டயாலிசிஸ் குரூப்பில் நான் அழித்த ஜோக்

1. அட்மின் வேலை

குரூப் தொடங்கிய முதல் நாளே நூறு செய்திக்கு மேல் வந்துவிட்டது. அதில் டயாலிசிஸ் சம்பந்தப்பட்டவை நான்கு. மீதியெல்லாம் காலை வணக்கம், முருகன் படம், ஜோக்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருபத்தாறு வருடம் டெக்னீசியனாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். டெக்னீசியன் என்று சொன்னால் நோயாளிகளுக்குப் புரியாது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் என்றால் அவர்களுக்கு சிஸ்டர்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெஷினை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். எனக்கு ரத்தக் கொதிப்பை வரவழைத்தது அந்த செல்போன் குரூப்.

யோசனை எங்கள் மேனேஜருடையது. "பேஷண்ட்ஸ் எல்லாரையும் ஒரு குரூப்புல போட்ருங்க மேடம். டவுட் கேப்பாங்க, நீங்க பதில் சொல்லீருங்க. சிம்பிள்" என்றார். சொன்னவர் குரூப்பில் சேரவில்லை.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், கால் வீங்கும். வந்ததும் எடை பார்ப்போம். கூடியிருக்கிற கிலோவெல்லாம் தண்ணீர், அதை மெஷினில் இறக்குவோம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் என்று அளவு சொல்லி அனுப்புவோம். ஆகவே அவர்களுக்கு ஆசையும் தண்ணீர்தான், பயமும் தண்ணீர்தான், கேலியும் தண்ணீர்தான்.

குரூப்பில் கேலிக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டெல்லா. எங்கள் நோயாளி, சரவணம்பட்டியில் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். ஒருநாள் காலையில் எழுதுகிறார்: "நேத்து கனவுல சிறுவாணி டேம் ரொம்பி வழிஞ்சுதுங்க. எந்திரிச்சுப் பாத்தா என்ற ரெண்டு காலு." உடனே குரூப்பில் இருந்த அறுபது பேரும் சிரிக்கிற முகங்களை அனுப்புகிறார்கள். அதற்கடியில் ஒருவர் உண்மையாகவே மாத்திரை சந்தேகம் கேட்டிருப்பார். அதைத் தேடி எடுப்பதற்குள் என் டீ ஆறிவிடும்.

2. தடை உத்தரவு

ஒரு மாதம் பொறுத்தேன். அப்போது புதிதாகச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மகன் நேராக மேனேஜரிடம் போய்விட்டார். "எங்கப்பா சாவோமா பொழைப்போமான்னு பயந்துட்டு இருக்காருங்க. இவிங்க என்னடான்னா சிரிச்சுட்டுக் கெடக்கறாங்க" என்று கத்தியிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "குரூப் பாசிட்டிவா இருக்கணும் மேடம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜோக் போடக்கூடாது, போட்டால் அழிக்கப்படும் என்று அறிவித்தேன். ஸ்டெல்லா தனியாக எழுதினார்: "ஊசி குத்திக்கிட்டு நாலு மணி நேரம் படுத்துக் கெடக்கறது நாங்க. சிரிக்கறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கோணுமுங்களா?" குரூப்பில் வந்த ஜோக்கையெல்லாம் அழித்தேன். சொல்லப்போனால் அழிக்கிறபோது ஒரு திருப்திகூட இருந்தது.

3. ஞாயிற்றுக்கிழமை

பழனிசாமி சூலூரில் எண்ணெய் மில் வைத்திருந்தவர். திங்கள், புதன், வெள்ளி எங்களிடம் வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளிதான் இவர்களுக்கு ஆபத்தானது. இளநீர், வாழைப்பழம் இரண்டையும் தொடக்கூடாது என்று தலைபாடாகச் சொல்லியிருந்தோம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் முதலில் கால் கனத்துப்போகும், பிறகு இதயம் நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு, நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் குரூப்பில் போட்டிருந்தார்: "பல்லடத்துல மச்சினன் ஊட்டு விசேசமுங்க. இளநி வெட்டி நீட்டறாங்க, மரியாதைக்கு வேண்டாம்னு சொல்ல முடியலைங்க. ஒண்ணை நான் குடிச்சேன். இன்னொண்ணை என்ற கிட்னிக்குக் குடுத்தேன். வேலைதான் செய்யாது, குடுத்தா வேண்டாங்காது."

இவர் வேறயா என்று அழித்துவிட்டு, விதியை மறுபடியும் ஒட்டிவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றினேன். போன் அடித்தது. ஸ்டெல்லா.

"சிஸ்டர், பழனிசாமி அண்ணன் போட்டதைப் பாத்தீங்களா?"

"அழிச்சாச்சுங்க. ஞாயித்துக்கிழமையாவது என்னை நிம்மதியா விடுங்க."

"அழிச்சீங்க, செரி. படிச்சீங்களா?"

எனக்கு எரிச்சல் பொங்கியது. "ஜோக்கை என்னத்தைங்க படிக்கறது?"

"அவரு குடிச்சிருக்காருங்க. நான் ரெண்டு லிட்டர் குடிச்ச அன்னைக்குத்தான் டேம் கனவு போட்டேன். எங்களுக்குத் தெரியும். நீங்க கூப்புடுங்க, எங்கிட்டன்னா சிரிச்சே மழுப்பிருவாரு."

கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தம். "அட, சும்மா வெளையாட்டுக்குப் போட்டனுங்க சிஸ்டர்" என்றார் பழனிசாமி.

"காலு எப்படி இருக்குது?"

"காலு ரெண்டும் நொம்ப கனமா இருக்குதுங்க. நடந்தது சாஸ்தி போல. நாளைக்குத்தான் வாரனே."

"நாளைக்கு வேண்டாம். இப்பவே கிளம்புங்க. போனை அம்மணிகிட்டக் குடுங்க."

அவர் மனைவி போனை வாங்கியதும் அழுதுவிட்டார். குடித்தது இரண்டு இல்லையாம், மூன்றாம். கூடவே வாழைப்பழமும். டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். ஒரு மணி நேரத்தில் காரில் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் இறக்க முடிந்தது. ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கால்சியம் போடுங்க. மெஷின் ரெடியா?" என்றார். இதயத்தைக் காக்கக் கால்சியம் ஏறியதும் ஊசியைச் செருகி மெஷினை ஓட்டினேன்.

இரண்டு மணி நேரம் ஓடியபிறகுதான் அவர் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏனுங்க, இத்தனை வருசமாப் பாக்கறேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"சொன்னனுங்களே சிஸ்டர். நீங்கதான் அழிச்சுப்போட்டீங்க."

"நேரா சொல்றதுக்கு என்ன?"

"நேரா சொன்னா வைவீங்க. ஊட்டுல சொன்னா அழுவாங்க. அங்க சொன்னாத்தான் கூடச் சிரிக்கறதுக்கு ஆளு இருக்குதுங்க. அவிங்களும் குடிச்சவிங்கதான்."

மறுநாள் மேனேஜரிடம் போய்த் தடையை எடுக்கிறேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை. புகார் செய்த மகனையும் கூப்பிட்டு, அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தால் என் நம்பருக்கே அடிக்கச் சொன்னேன். நோயாளியைக் கேலி செய்யும் சொந்தக்காரர்களின் ஜோக்கை மட்டும் கடைசி வரை அழித்தேன். தன் நோயைத் தானே கேலி செய்வது வேறு, நல்ல உடம்புக்காரன் பக்கத்தில் நின்று செய்வது வேறு.

அதன்பிறகு எனக்கு வேலை இரண்டு மடங்கானது. ஒவ்வொரு ஜோக்கையும் உட்கார்ந்து படிக்க வேண்டும், போட்டவரைக் கூப்பிட்டு எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். பத்தில் ஏழு வெறும் ஜோக்காகத்தான் இருக்கும். "என்னங்க சிஸ்டர், சிரிக்கறதுக்கும் கணக்குக் கேக்கறீங்க" என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் சலிப்பு இல்லையா?

இப்போது குரூப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். எரிச்சல் வரும், வரட்டும். எனக்கும் கடைசி நாள் வரை வந்தது. ஆனால் அழிக்கும் முன் படியுங்கள். அன்றைக்கு ஸ்டெல்லா கூப்பிடாமல் இருந்திருந்தால், பழனிசாமி இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அழித்திருப்பேன்.